இருவர், ஒரு பைக்: எந்த டென்ட்டை வாங்குவது?

டென்ட் வாங்குவது பற்றி என் வீட்டுக்காரரிடம் கேட்டால் எடையிலிருந்து ஆரம்பிப்பார். என்னிடம் கேட்டால் என் முதுகிலிருந்து ஆரம்பிப்பேன். தனியாக பைக்கில் போகிறவருக்குப் பின்சீட் என்பது சரக்கு மேடை. டென்ட், போர்வை, துணிப்பை எல்லாவற்றையும் அதில் அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. அதில் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்த மேடை போச்சு. மிச்சம் இருப்பது இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டி, பின்சீட்டுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு கேரியர், அவ்வளவுதான். டென்ட் ஒப்பீடுகள் பெரும்பாலும் தனியாகச் சுற்றுகிறவர்களுக்கோ, காரில் போகும் குடும்பங்களுக்கோ எழுதப்பட்டவை. கணவன் மனைவியாக ஒரே பைக்கில் போகிறவர்களுக்கு அவை அரைகுறையாகத்தான் உதவும்.

எங்கள் முதல் டென்ட் ஆன்லைனில் ரூ.2,000-க்குள் வாங்கியது. யார் தயாரித்தது என்பது வேண்டாம், அதே துணியும் அதே கம்புகளும் பத்துப் பெயர்களில் விற்கின்றன. பையின் நீளம் 60 செ.மீ.க்கு மேல். பெட்டிக்குள் எந்தக் கோணத்திலும் போகவில்லை. சரி என்று கேரியரில் குறுக்கே வைத்துக் கட்டினோம். கோவையிலிருந்து கிளம்பி உடுமலைப்பேட்டை தாண்டுவதற்குள் அது மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து என் இடுப்பில் இடிக்க ஆரம்பித்தது. சின்னாறு செக்போஸ்டில் இறங்கியபோது எனக்கு நிமிர முடியவில்லை. மறையூர், மூணாறு, டாப் ஸ்டேஷன் வழியாகக் கேரள மலைக் கிராமமான வட்டவடை போய்ச் சேர்கிற வரை ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அதைத் தள்ளிக்கொண்டே போனேன். அன்றுதான் ஒன்று புரிந்தது. டென்ட்டின் எடையைவிட அதன் பையின் நீளம்தான் எங்களுக்கு முதல் கேள்வி.

நீளத்தை முடிவு செய்வது துணி கிடையாது, கம்பு. துணியை எப்படி வேண்டுமானாலும் திணிக்கலாம். மடக்கிய கம்பு மட்டும் தன் நீளத்தில் பிடிவாதமாக நிற்கும். மலிவான டென்ட்களின் ஃபைபர் கிளாஸ் கம்புகள் மடக்கினால் ஏறக்குறைய 55 முதல் 60 செ.மீ. இருக்கும். அலுமினியக் கம்புகள் பெரும்பாலும் 40 முதல் 45 செ.மீ.க்குள் அடங்கும். பைக்கின் பக்கப் பெட்டிகளில் பலவற்றுக்கு உள்நீளமும் அதே அளவுதான் என்பதால் இந்தப் பதினைந்து செ.மீ.தான் உள்ளே போகுமா, வெளியே தொங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கென்று கம்பை 30 செ.மீ. அளவுக்கு மடக்கும் டென்ட்களை பிக் ஆக்னஸ் நிறுவனம் விற்கிறது. விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டோம்.

வாங்குவதற்கு முன் அளவுநாடாவை எடுத்து உங்கள் பெட்டியின் உள்நீளத்தை, மூலைக்கு மூலை அளவையும் சேர்த்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது “எத்தனை கிலோ?” என்பதற்கு முன்னால் “கம்பு மடக்கினால் எத்தனை செ.மீ.?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரை நம்பலாம்.

எடையும் சும்மா விடாது. எங்களிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450. பெட்ரோலோடு அதன் எடை 196 கிலோ, ஆளும் சுமையும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 394 கிலோ. ஆக நாம் ஏற்றக்கூடியது 198 கிலோ. கேட்க நிறைய மாதிரி இருக்கும். இவர் 78, நான் 62, மொத்தம் 140. இரண்டு ஹெல்மெட், இரண்டு ஜாக்கெட், முழங்கால் காப்பு, பூட்ஸ் எல்லாம் சேர்ந்து பதினைந்து. பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் சட்டமும் பதினைந்தை நெருங்கும். மிச்சம் இருபத்தெட்டு. அதற்குள் துணிமணி, தண்ணீர், டூல்ஸ், அடுப்பு, படுக்கை, அப்புறம் டென்ட். ஆறு கிலோ டென்ட்டுக்கும் இரண்டரை கிலோ டென்ட்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். அதுவும் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு முன்சக்கரம் லேசாகும். ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவு எடுக்கும்போது ஹேண்டில் மிதக்கிற மாதிரி இருக்கிறது என்று இவர் சொன்னபோதெல்லாம் குற்றவாளி கேரியரில்தான் இருந்தது.

பகல் கணக்கு இது. இரவுக் கணக்கு நேர் எதிர்ப்பக்கம் இழுக்கும்.

“இருவர் டென்ட்” என்று பையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, இரவு முழுக்கப் புரளாமல், சாமான் எதுவும் இல்லாமல் படுக்கும் இருவருக்கான அளவு அது. கல்யாணமான புதிதில் சரி. சாதாரண ஸ்லீப்பிங் மேட் ஒன்றின் அகலம் 51 செ.மீ., அகலமான வகை 64 செ.மீ. நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2 என்ற டென்ட்டின் உள்ளகலம் 125 செ.மீ. எம்எஸ்ஆர் நிறுவனத்தின் ஹப்பா ஹப்பா டென்ட்டில் இருவர் மாடல் 127. இரண்டு அகல மேட்கள் 128. ஒரே ஒரு செ.மீ.தானே என்று நினைக்காதீர்கள். மேட் சுவரை உள்ளிருந்து வெளியே தள்ளும், உள்துணி போய் மேல்துணியில் ஒட்டும், அங்கே சேர்ந்திருக்கும் ஈரம் விடியற்காலையில் உங்கள் போர்வையில் இருக்கும்.

உயரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தரையிலிருந்து உச்சந்தலை வரை 92 செ.மீ. காற்றடைத்த மேட் ஏழு செ.மீ. ஆக 99. உயரம் 100 என்று போட்டிருக்கும் டென்ட்டில் அந்த 100 நட்ட நடுவில் ஒரே ஒரு புள்ளியில்தான் இருக்கும். அந்தப் புள்ளிக்கு அடியில் யார் உட்காருவது என்பது எங்கள் வீட்டில் தினமும் நடந்த பேச்சுவார்த்தை. மழை நாளில் நான்கு மணி நேரம் உள்ளேயே அடைந்து கிடக்கும்போதுதான் உட்காரும் உயரம் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். பைக் பேன்ட்டை உட்கார்ந்தபடி மாற்றிப் பார்த்த பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி வகைகளைப் பார்க்கலாம். தூக்கி எறிந்தால் தானே விரிந்துகொள்ளும் டென்ட்டை முதலில் ஓரங்கட்டிவிடுகிறேன். டெகத்லானின் கெச்சுவா ‘2 செகண்ட்ஸ்’தான் இந்த வகையில் பேர்போனது. வேலை மிச்சம், உண்மைதான். ஆனால் மடக்கினால் முக்கால் மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய வட்டத்தட்டு ஆகிவிடும். காரின் டிக்கியில் அழகாகக் கிடக்கும். பைக்கில் அதை எங்கே கட்டினாலும் காற்றை வாங்கும் பாய்மரம். என் முதுகில் மாட்டிக்கொண்டால் நான் ஆமை. விரிக்க இரண்டு நொடி, திரும்ப மடக்க இரண்டு பேரும் சண்டை போட வேண்டிய நேரம் தனி.

குவிமாடம் மாதிரி நிற்கும் மலிவு டோம் டென்ட், அதாவது எங்கள் முதல் டென்ட், வட்டவடையில் எங்களுக்குப் பாடம் நடத்தியது. அங்கே காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் அனுமதி கேட்டு, முட்டைக்கோஸ் எடுத்து முடித்த ஒரு படிக்கட்டு நிலத்தில் போட்டோம். அந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. “ஏம்மா, இந்தத் துணிக்குள்ளயா ராத்திரி படுக்கப் போறீங்க?” என்று அவர் வீட்டம்மா கேட்டபோது சிரித்தேன். இரவு பதினொரு மணிக்கு மழை பிடித்தது. ஒற்றைத் துணி டென்ட், மேலே தொப்பி மாதிரி ஒரு சின்ன மூடி. மழை உள்ளே வரவில்லை என்பது முதல் அரை மணி நேரத்துக்கான பெருமை. அப்புறம் உள்ளே சுவரெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இரண்டு பேரின் மூச்சும் உடம்புச் சூடும் குளிர்ந்த துணியில் பட்டால் தண்ணீர்தான், போக வழியில்லை. மழைத் தண்ணீர் எது, எங்கள் தண்ணீர் எது என்று பிரிக்க முடியாமல் விடிந்தது. காலையில் அந்த அம்மா கட்டங்காப்பியோடு வந்து எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

ஆக இருவருக்கு இரட்டைத் துணி கட்டாயம். உள்ளே வலையும் மெல்லிய துணியுமாக ஓர் அறை, அதன்மேல் தொடாமல் நிற்கும் மழைத்துணி. வேர்ப்பது மழைத்துணியின் உட்புறத்தில் நடந்துவிட்டுப் போகட்டும், நம்மேல் சொட்டாது. தனி ஆளுக்கு ஒற்றைத் துணி டென்ட் சமாளிக்கலாம். இரண்டு பேர் மூச்சு விட்டால் முடியாது.

டெகத்லானின் எம்எச்100 வகை டோம்கள் இரட்டைத் துணி கொண்டவை. நம்மூர்க் கடையிலேயே கையால் தொட்டுப் பார்க்கலாம், உடைந்த பாகத்துக்கு அலைய வேண்டாம். வெளிச்சத்தை 99 சதவீதம் தடுப்பதாகச் சொல்லும் ‘ஃபிரெஷ் அண்ட் பிளாக்’ துணியிலும் வருகின்றன. காலை ஆறரை மணிக்கே வெயில் சுடும் நம்மூருக்கு அந்தத் துணியின் அருமை தெரியும். ஆனால் கம்பு ஃபைபர் கிளாஸ், சுருட்டிய பை 60 செ.மீ.யை ஒட்டி. பெட்டி வைக்காமல் துணி சாடில்பேக் போட்டிருப்பவர்கள், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பக்கத்து மலைக்குப் போகிறவர்கள் இதோடு நின்றுகொள்ளலாம் என்பேன். பையோடு கட்டாதீர்கள். கம்புகளைத் தனியே எடுத்துக் கேரியர் சட்டத்தோடு சேர்த்து நீளவாக்கில் கட்டிவிட்டு, துணிகளை மட்டும் பைக்குள் திணியுங்கள். டென்ட்டோடு வரும் பை கடை அலமாரிக்காகத் தைத்தது, பயணத்துக்காக இல்லை. ஃபைபர் கிளாஸ் கம்பு பழசானால் மெல்லிய சிலாம்பு கிளம்பிக் கையில் ஏறும். அதற்கு மட்டும் ஜாக்கிரதை.

அடுத்தது முதுகுப்பையோடு மலையேறுகிறவர்களுக்கென்று செய்த இலகு டென்ட்கள். நம் ஆட்கள் அதிகம் வாங்குவது சீன நிறுவனமான நேச்சர்ஹைக்கின் கிளவுட் அப் 2. இரண்டு கிலோவுக்குள் அடங்கும், பெட்டிக்குள் ஒரு மூலையில் கிடக்கும். நண்பர் ஒருவரிடம் இதை இரவல் வாங்கிக்கொண்டு இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போனோம். மணாலியில் வாடகை பைக், அதில் பெட்டியே கிடையாது, துணிப்பைகள்தான். அப்போது இந்த டென்ட் சின்னதாகச் சுருண்டது எங்களுக்கு வரம். மாலையில் லாங்ஸா பக்கம் ஏறக்குறைய 4,400 மீட்டர் உயரத்தில் காற்று எழும்பியபோதும் அது தாங்கியது. குறை வேறிடத்தில் இருந்தது. இதற்கு ஒரே கதவு, அதுவும் தலைமாட்டில். கால்பக்கம் கூரை தாழ்ந்துவிடும். இரவு யார் வெளியே போனாலும் மண்டியிட்டுத் தவழ்ந்து, மற்றவர் முகத்துக்கு நேராக ஜிப்பைத் திறந்து, அங்கே வைத்திருக்கும் நான்கு பூட்ஸ்களையும் தாண்டித்தான் போக வேண்டும். உயரமான இடத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். குடித்தோம். அதனால் ஒவ்வொருவருக்கும் இரவில் மூன்று தடவை. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு இவர் என் தலைமுடியின் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு வெளியே போனபோது எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. “என்னங்க, அடுத்த டென்ட்டுக்கு ரெண்டு கதவு. வேற எது எப்படி இருந்தாலும் சரி.”

இருவர் படுக்க டென்ட் தேடுகிறவர்களுக்கு “இரண்டு பேர் என்றால் மூவர் டென்ட் வாங்கு” என்றுதான் எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். பாதி சரி. ஆனால் மூன்றாம் ஆளின் இடம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். நாம் அங்கே படுக்கப் போவதில்லை. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், பைகள்தான் படுக்கும். அவற்றுக்குக் கொசுவலை வேண்டாம், மழை படாமல் இருந்தால் போதும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவு உள்ள டென்ட்டில் ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் மழைத்துணியின் அடியில் முக்கோணமாக ஓர் இடம் கிடைக்கும். நான் அதைத் திண்ணை என்றுதான் சொல்வேன். அவர் சாமான் அவர் திண்ணையில், என் சாமான் என் திண்ணையில். இந்த ஏற்பாட்டில் இருவர் டென்ட்டே போதும் என்பது என் கட்சி. மூன்றாம் ஆளின் இடத்தைவிட இரண்டாவது கதவு பெரியது.

திண்ணையில் ஒரே ஆபத்து நாய். கர்நாடகக் கடற்கரையான கோகர்ணத்தில் என் இடது பூட்ஸை ஒரு நாய் தூக்கிக்கொண்டு போய், காலையில் முப்பதடி தள்ளி ஒரு படகுக்கு அடியில் கண்டெடுத்தோம். அன்றிலிருந்து பூட்ஸ்களின் கயிற்றை ஒன்றோடொன்று முடிந்து டென்ட்டின் முளையில் மாட்டிவிடுகிறோம்.

இரண்டு கதவு, இரண்டு திண்ணை, அலுமினியக் கம்பு, இரட்டைத் துணி என்று வடிகட்டினால் கையில் நிற்பவை கொஞ்சம்தான். எம்எஸ்ஆர் ஹப்பா ஹப்பா இரண்டு கிலோவுக்குள், நீள அகலம் 213-க்கு 127 செ.மீ. கம்பிலிருந்து ஜிப் வரை வேலைப்பாடு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், விலை கண்ணில் தண்ணீர் வரவழைக்கும். நேச்சர்ஹைக்கின் மோங்கார் 2 அதே அமைப்பில் அகலம் சற்றுக் கூடுதலாக 135 செ.மீ., விலை பல மடங்கு குறைவு, தையல் முடிவுகளில் அந்த நேர்த்தி இராது. மூவர் அகலம்தான் வேண்டும் என்பவர்களுக்கு எம்எஸ்ஆரின் மூவர் மாடல் 213-க்கு 173. முன்பு முத்தா ஹப்பா என்ற பெயரில் விற்றதைப் பிறகு ஹப்பா ஹப்பா 3 என்று மாற்றினார்கள். உடம்பு வாட்டசாட்டமாக உள்ள இருவர், அல்லது ஒருவருக்கொருவர் தூக்கத்தில் உதைத்துக்கொள்ளும் வழக்கமுள்ளவர்கள், யோசிக்காமல் மூவர் மாடலுக்குப் போகலாம். கூடும் எடை அரை கிலோ அளவுதான்.

நாங்கள் 135 செ.மீ. அகலக்காரரை எடுத்தோம். கூடவே மேட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். இவருக்கு 64, எனக்கு 51. கூட்டினால் 115, இருபது செ.மீ. மிச்சம். அந்த இருபதில் தண்ணீர் பாட்டில், டார்ச், போன், மூக்குக் கண்ணாடி. இருவருக்கும் ஒரே மேட் வாங்கும் சமத்துவம் டென்ட்டுக்குள் வேண்டாம்.

பைக்கையே உள்ளே நிறுத்தும் டென்ட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவர் கோபித்துக்கொள்வார். ரெட்வெர்ஸ், லோன் ரைடர் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. ஒரு பாதி படுக்கையறை, மறு பாதி பைக்குக்கான கொட்டகை. ரெட்வெர்ஸின் பெரிய டென்ட்டில் ஆறடிக்காரர் நிமிர்ந்தே நிற்கலாம். பேன்ட் மாற்ற இதைவிடச் சுகம் வேறில்லை, ஒப்புக்கொள்கிறேன். மழையில் சமைக்கவும் நாற்காலி போட்டு உட்காரவும் இடம் உண்டு. ஆனால் எடை ஆறு கிலோ அளவில், நீளம் ஏறக்குறைய ஐந்து மீட்டர், விலை டாலரில், அதன்மேல் சுங்கவரி. நம் மலைகளில் ஐந்து மீட்டருக்குச் சமதளம் எங்கே இருக்கிறது? வட்டவடைப் படிக்கட்டு நிலத்தில் பாதி டென்ட் அடுத்தவர் கேரட் பாத்தியில் இருக்கும். சூடான இன்ஜினையும் பெட்ரோல் வாசனையையும் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு தூங்குவது எனக்கு ஒத்துவராது. ஒரே இடத்தில் நான்கைந்து நாள் தங்கி அங்கிருந்து சுற்றுகிற, ஆளுக்கொரு பைக்கில் வருகிற தம்பதிக்கு இது ராஜ வாழ்க்கை. ஒரே பைக்கில் தினமும் இடம் மாறுகிறவர்களுக்கு இது இல்லை.

கம்புகளை வளைத்துச் சுரங்கம் மாதிரி நிற்கும் டன்னல் டென்ட்களிலும் திண்ணை தாராளமாக இருக்கும். ஸ்வீடனின் ஹில்லிபெர்க் இதற்குப் பெயர்பெற்றது. உள்துணியும் மேல்துணியும் ஒன்றாகவே எழும்பும் அமைப்பு என்பதால் கொட்டும் மழையில் போட்டாலும் படுக்கும் இடம் நனையாது. மற்ற டென்ட்களில் உள்ளறையை முதலில் நிறுத்தி, அப்புறம் மேலே மூட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் நன்றாக நனைந்துவிடும். ஆனால் டன்னல் தானாக நிற்காது. முளை இறங்கினால்தான் டென்ட், இல்லாவிட்டால் வெறும் துணி. ஸ்பிட்டியின் கல் தரையில் முளை இரண்டு அங்குலம் இறங்கினால் அதிகம். கோகர்ணத்து மணலில் இறங்கும், இறங்கிய வேகத்தில் வெளியேயும் வரும். அங்கே முளையை மறந்துவிட்டு, பிளாஸ்டிக் பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிக் குழியில் புதைத்தோம். தானாக நிற்கும் டென்ட்டில் இந்தத் தொல்லை பாதிதான். கம்புகள் உருவத்தைப் பிடித்துக்கொள்ளும், நாம் அது பறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இடம் சரியில்லை என்றால் அப்படியே தூக்கி நான்கடி தள்ளி வைக்கலாம்.

துணி விவரங்களில் எல்லோரும் முதலில் பார்ப்பது 2000, 3000 என்று மில்லிமீட்டரில் போட்டிருக்கும் எண்ணை. துணியின்மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது கசிய ஆரம்பிக்கும் என்பதன் அளவு அது. மேல்துணிக்கு 2000 இருந்தால் நம் மழைக்கே தாங்கும். தரைத்துணிக்குத்தான் கூட வேண்டும், ஏனென்றால் ஈரத் தரையில் முழங்காலை ஊன்றும்போது அந்த ஒரு புள்ளியில் உடம்பின் பாரம் முழுக்க இறங்குகிறது. எண்ணே போடாமல் “வாட்டர்புரூஃப்” என்று மட்டும் எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

நைலானா பாலியெஸ்டரா என்ற வாக்குவாதத்தில் எனக்கு ரொம்ப ஈடுபாடு இல்லை. சிலிக்கான் பூசிய நைலான் லேசு, எளிதில் கிழியாது, ஆனால் நனைந்தால் தொய்யும். படுக்கப் போகும் முன் ஒரு தடவை கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் தொய்யாது, கொஞ்சம் கனம். மலை உச்சி வெயிலில் இரண்டுமே நாளடைவில் வெளுத்து வலுவிழக்கும். பகலெல்லாம் நிற்க வைக்காதீர்கள்.

துணியைவிட அதை எப்படி வைக்கிறோம் என்பதுதான் ஆயுளைச் சொல்லும். தண்ணீர் கசியாமலிருக்க உட்புறத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சுக்கு ஈரமும் சூடும்தான் எமன். நனைந்த டென்ட்டைச் சுருட்டி மாடி அறையில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தால் பூச்சு பிசுபிசுத்து, குழந்தை பால் கக்கிய வாடை அடிக்கும். அப்புறம் அதற்கு வைத்தியம் இல்லை. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஊர் திரும்பிய அன்றைக்கே மொட்டை மாடிக் கொடியில் நிழலாகக் காயப்போட்டுவிட்டு, இறுக்கிச் சுருட்டாமல் ஒரு பழைய தலையணை உறையில் தளர்வாக வையுங்கள்.

வலை எவ்வளவு, துணி எவ்வளவு என்பது போகும் இடத்தைப் பொறுத்தது. “மூன்று பருவ டென்ட்”, “நான்கு பருவ டென்ட்” என்ற பெயர்களெல்லாம் பனி பெய்யும் நாட்டுக் கணக்கு. நமக்குக் கடலோரக் கோடை என்றொரு பருவம் இருக்கிறது, அதற்கு எந்த லேபிளும் கிடையாது. கொங்கணக் கடற்கரைக்கும் கேரள மலைக்கும் உள்ளறை முழுக்க வலையாக இருந்தால்தான் தூங்க முடியும், மழைக்கால அட்டையும் உள்ளே ஏறாது. லடாக், ஸ்பிட்டியில் அதே வலை வழியாகத் தூசியும் குளிர்காற்றும் வந்து முகத்தில் அடிக்கும். இரண்டுக்கும் போகிறவர்கள் கீழ்ப்பாதி துணி, மேல்பாதி வலை என்று இருப்பதைப் பாருங்கள்.

ஆண்கள் எழுதும் ஒப்பீடுகளில் நான் பார்க்காத ஒன்று, வெளிச்சம். மெல்லிய துணி டென்ட்டுக்குள் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு உடை மாற்றினால் வெளியே இருப்பவர்களுக்குத் தோல்பாவைக்கூத்துதான். விளக்கைத் தரையில் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். நிறத்திலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆரஞ்சு டென்ட் போட்டோவில் அழகு, ஆனால் ரோட்டிலிருந்தே தெரியும். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் இருவர் மட்டும் படுக்கும்போது சாம்பலும் பச்சையும்தான் எனக்கு நிம்மதி.

இடமும் டென்ட் தேர்வில் சேர்த்திதான். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் டென்ட் போடுவது குற்றம். 2018 மார்ச் மாதம் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் டென்ட்டில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்ததை மறந்துவிட்டு ஓடைக்கரையில் டென்ட் போடுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். எங்கள் வழக்கம், குடும்பம் இருக்கும் வீட்டில் அனுமதி கேட்டு அவர்கள் தோட்டத்திலோ களத்திலோ போடுவது. அங்கே இடம் எப்போதும் சின்னதாகத்தான் கிடைக்கும். அதனால்தான் தரைப்பரப்பு குறைந்த டென்ட்டின் பக்கம் சாய்கிறேன்.

கடையில் வாங்குவதானால் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்துப் பாருங்கள். சுற்றியிருப்பவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஆன்லைனில் வாங்குவதானால் அந்த அளவை வீட்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் இருவரும் ஒரு மதியத் தூக்கம் போடுங்கள்.

கடைசியாக டென்ட்டுக்கு அடியில் விரிக்கும் துணி. நிறுவனங்கள் அதைத் தனியாக நல்ல விலைக்கு விற்கின்றன. நாங்கள் வாங்கவில்லை. பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை டென்ட்டின் தரையைவிட நான்கு பக்கமும் இரண்டு விரல் குறைவாக வெட்டி வைத்திருக்கிறோம். குறைவாக வெட்டாவிட்டால் ஓரத்தில் விழும் மழைத் தண்ணீர் அதன்மேல் ஓடி வந்து டென்ட்டுக்கு அடியிலேயே தேங்கும். ஒரு கிலோ வரும், அதுதான் குறை, ஆனால் கல்லுக்கும் முள்ளுக்கும் அசையாது. எங்கள் தெருவில் நடந்த ஒரு காதுகுத்து விழாவின் பேனர் அது. படம் கீழே வருகிற மாதிரி விரிப்போம். போன தடவை வட்டவடையில் காலையில் அதைக் கழுவி வேலிமேல் படம் தெரியக் காயப்போட்டிருந்தோம். காப்பி கொண்டுவந்த வீட்டம்மா ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, “பிள்ளை உங்க ஜாடையே இல்லையே” என்றார்.